விமோவே என்ற சொல் எங்கிருந்து வந்தது?

கேள்வி இதுதான்: 'விமோவே, விமோவே' என்று திரும்பத் திரும்ப வருமே, அந்த 'த லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' பாட்டு யாருடையது? டிஸ்னியின் லயன் கிங் படத்துக்காகப் போட்டது என்கிறார் ஒருவர். ஆப்பிரிக்க நாட்டுப்புறப் பாட்டு என்கிறார் இன்னொருவர். ஏழைப் பாடகர் ஒருவரிடம் பத்து ஷில்லிங் கொடுத்து எழுதி வாங்கிவிட்டார்கள் என்று மூன்றாவதாக ஒரு கதை. எதை நம்புவது?

முதலாவது தப்பு. படம் வந்தது 1994இல், அதற்குள் பாட்டுக்கு 55 வயது ஆகிவிட்டது. மூன்றாவது உண்மை, ஆனால் பாதிதான். இரண்டாவதில்தான் விஷயமே இருக்கிறது. 'நாட்டுப்புறப் பாட்டு' என்ற அந்த ஒரு வார்த்தை இந்தப் பாட்டுக்குச் செய்த கெடுதலை எந்தத் திருடனும் செய்திருக்க முடியாது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டைக் கட்டியவர் பெயர் சாலமன் லிண்டா. தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில், பொமரோய் என்ற ஊர்ப்பக்கம் 1909இல் பிறந்த ஜூலு இனத்தவர். சின்ன வயதில் மாடு மேய்த்தார், மிஷன் பள்ளியில் படித்தார். தேவாலயத்தில் நாலு குரலில் பாடும் பாட்டு ஒரு பக்கம், அமெரிக்காவிலிருந்து வந்து பரவியிருந்த தாளம் துள்ளும் மேடைப் பாட்டு இன்னொரு பக்கம், ஊர்க் கல்யாணங்களில் பாடும் சொந்தப் பாட்டு நடுவில், எல்லாமே காதில் விழுந்து வளர்ந்த தலைமுறை அது. 1931இல் வேலை தேடி ஜோஹானஸ்பர்க் போனார். முதலில் ஒரு பர்னிச்சர் கடை, அப்புறம் கார்ல்டன் ஹோட்டல். மாமன்மார் நடத்திய 'ஈவினிங் பேர்ட்ஸ்' என்ற பாட்டுக் குழுவில் சேர்ந்தார், 1933இல் அது கலைந்தபோது அதே பெயரில் தானே ஒரு குழுவைக் கூட்டினார். மொத்தம் ஆறு பேர். கோடு போட்ட சூட், தொப்பி, பளபளக்கும் ஷூ என்று மேடை ஏறுவார்கள். பகலில் யார் யாருக்கோ சுமை தூக்கித் தரை துடைக்கிற ஆட்கள், சனிக்கிழமை ராத்திரியில் பார்த்தால் கனவான்கள்!

அந்தச் சனிக்கிழமை ராத்திரிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குடும்பத்தைக் கிராமத்தில் விட்டுவிட்டு வந்த ஆண்கள் மட்டும் தங்கும் தொழிலாளர் விடுதிகள் அந்த நகரத்தில் நிறைய இருந்தன. அங்கே பாட்டுக் குழுக்களுக்குள் விடிய விடியப் போட்டி நடக்கும். லிண்டாவின் குழு அந்த வட்டாரத்தில் பேர் போனது, அதற்குக் காரணமும் இருந்தது. வழக்கமாக இப்படிப்பட்ட குழுவில் குரலுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டு பாடுவார்கள், அடிக்குரலுக்கும் ஒரே ஒருவர்தான். லிண்டா அடிக்குரலுக்குப் பல பேரை நிறுத்தினார். கீழே தரை அதிர்கிற மாதிரி அவர்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப இடிக்க, மேலே லிண்டா ஒற்றை ஆளாகப் பொய்க்குரலில், பெண் குரலோ என்று சந்தேகப்படும் உச்சத்தில், இஷ்டத்துக்குப் பறப்பார். இந்த அமைப்பை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கோடிக்கணக்கில் காசு பார்த்தது இதுதான்.

அப்போது சகாராவுக்குத் தெற்கே இருந்த ஒரே ரெக்கார்டிங் ஸ்டுடியோ ஜோஹானஸ்பர்க்கில் எரிக் கேலோ என்பவர் நடத்தியது. லிண்டா அந்த கேலோ கம்பெனியிலேயே இசைத்தட்டுகளை மூட்டை கட்டும் வேலைக்குச் சேர்ந்தார். கம்பெனிக்குப் பாடகர்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்துவந்த கிரிஃபித்ஸ் மொட்சீலோவா இவர்களைக் கேட்டார், பிடித்துப்போனது. 1939இல் ஸ்டுடியோவுக்குள் போனார்கள். அவர்கள் பாடிய பாட்டுகளில் ஒன்று 'ம்பூபே'. ஜூலுவில் சிங்கம். மாடு மேய்க்கும் பையன்களுக்குச் சிங்கம் என்றால் கன்றைத் தூக்க வருகிற மிருகம், விரட்ட வேண்டிய மிருகம். பாட்டும் அவ்வளவுதான், பெரிய கவிதை என்றெல்லாம் நினைக்க வேண்டாம். அடிக்குரல்காரர்கள் 'உயிம்பூபே, உயிம்பூபே' என்று இடித்துக்கொண்டே இருப்பார்கள். 'நீ ஒரு சிங்கம்' என்று அர்த்தம்.

அந்தக் காலத்து ரெக்கார்டிங்கில் தனித்தனியாகப் பதிந்து ஒட்டும் வேலையெல்லாம் கிடையாது. பின்னணியில் கொஞ்சம் பியானோ, பேஞ்சோ, கிதார், முன்னால் குழு, எல்லாம் ஒரே மூச்சில் மெழுகுத் தட்டில் கீறப்படும். சொதப்பினால் அடுத்த தட்டை எடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். முதல் இரண்டு முறை சரியாக வரவில்லை. மூன்றாவது முறை பாடி, பாட்டு முடியப்போகும் நேரத்தில், லிண்டா ஒத்திகையில் இல்லாத ஒன்றைப் பாடினார். சுமார் 15 சுரம், மேலே எழும்பி மெதுவாக இறங்கி வரும் ஒரு சின்ன வளைவு. இன்றைக்கு உலகம் முழுக்கக் குழந்தைகள்கூட முணுமுணுக்கிற மெட்டு, ஆங்கில வார்த்தைகள் உட்கார்ந்திருக்கும் மெட்டு, அதேதான். முழுப் பாட்டில் அது வருவது ஒரே ஒரு தடவை. அன்றைக்கு அவருக்குத் தோன்றாமல் போயிருந்தால் இந்தப் பதிலை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

தட்டு பிய்த்துக்கொண்டு போனது. பத்து வருடத்துக்குள் ஆப்பிரிக்காவில் சுமார் ஒரு லட்சம் பிரதி விற்றதாகக் கணக்கு. பாட்டின் பெயரே அந்தப் பாணிக்குப் பெயராகி, 'ம்பூபே' என்றால் ஒரு இசை வகை என்று ஆனது. அதிலிருந்து மென்மையாக, பூனை நடை நடந்துகொண்டு பாடும் 'இசிகதமியா' வளர்ந்தது. ஜோசப் ஷபலாலாவின் லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழுவைக் கேட்டிருக்கிறீர்கள் என்றால், அது இதே மரத்துக் கிளைதான்.

சரி, லிண்டாவுக்கு என்ன கிடைத்தது? இங்கேதான் அந்தப் பத்து ஷில்லிங். பாட்டின் உரிமையை கேலோ கம்பெனிக்கு எழுதிக் கொடுத்ததற்கு அவர் வாங்கியது அவ்வளவே, அன்றைய கணக்கில் இரண்டு டாலருக்கும் கீழே. கறுப்பினப் பாடகர்களுக்குப் பாடியதற்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவதுதான் அப்போது நடைமுறை, ராயல்டி என்ற பேச்சே எழாது. பாட்டு விற்றுக்கொண்டிருந்தது, பாட்டைக் கட்டியவர் அதே கம்பெனியில் தரை கூட்டிக்கொண்டும் தேநீர் கொடுத்துக்கொண்டும் இருந்தார்.

இப்போது அமெரிக்கா. கேலோவின் தட்டுகள் கொஞ்சம் நியூயார்க்கில் டெக்கா என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தன. 1949 வாக்கில் அங்கே வேலை பார்த்த ஆலன் லோமாக்ஸ், நாட்டுப்புறப் பாட்டு சேகரிப்பதில் பெரிய கை, அதில் ஒரு தட்டை நண்பர் பீட் சீகரிடம் கொடுத்தார். சீகருக்கு ஜூலு தெரியாது. ஊசியைத் திரும்பத் திரும்ப எடுத்து வைத்துக் கேட்டு எழுதினார். 'உயிம்பூபே' அவர் காதில் 'விமோவே' என்று விழுந்தது. எந்த மொழியிலும் அர்த்தமில்லாத அந்தச் சொல் இப்படிப் பிறந்ததுதான்! சிங்கம் என்ற சொல்லே பாட்டிலிருந்து காணாமல் போனது, யாருக்கும் தெரியவும் இல்லை.

சீகர் இருந்த 'த வீவர்ஸ்' குழு அப்போது உச்சத்தில் இருந்தது. கார்டன் ஜென்கின்ஸின் பெரிய வாத்தியக் குழுவோடு அவர்கள் பதிந்த 'விமோவே' 1952இல் அமெரிக்காவின் முதல் 20 பாட்டுகளுக்குள் வந்தது. அந்த வருடமே கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தி வீவர்ஸைக் கறுப்புப் பட்டியலில் போட்டார்கள், வானொலி, மேடை எல்லாம் அடைபட்டது, அது தனிக் கதை.

நாம் பார்க்க வேண்டியது அந்தத் தட்டின் லேபிளை. பாட்டை எழுதியவர் என்று அதில் 'பால் கேம்ப்பெல்' என்ற பெயர் இருந்தது. அப்படி ஒரு ஆளே கிடையாது. சொந்தக்காரர் இல்லாத பழைய பாட்டுகளை எடுத்துப் பாடும்போது ராயல்டி தங்களுக்கே வரட்டும் என்று வீவர்ஸும் அவர்கள் பதிப்பாளரும் வைத்துக்கொண்ட புனைபெயர் அது. பழைய பாட்டுக்கு அப்படிச் செய்வது அந்தத் தொழிலில் எல்லோரும் செய்ததுதான். 'ம்பூபே' பழைய பாட்டு இல்லை என்பதுதான் சிக்கல். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நகரத்தில், ஒரு ஸ்டுடியோவில், பெயர் உள்ள ஒருவர் பாடிய பாட்டு, அந்தப் பெயர் தட்டிலேயே அச்சாகி இருந்தது. ஆப்பிரிக்கா என்று பார்த்ததும் 'பழங்குடி, பாரம்பரியம்' என்று எழுதிவிடத் தோன்றியது பாருங்கள், அங்கேதான் முதல் கோணல். ஜோஹானஸ்பர்க்கில் சூட் போட்டுக்கொண்டு மைக் முன்னால் நின்ற ஒரு தொழில்முறைப் பாடகரை அவர்கள் மனசு கற்பனை செய்துகூடப் பார்க்கவில்லை.

சீகரைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். விஷயம் தெரிந்தபோது அவர் லிண்டாவுக்கு 1,000 டாலர் காசோலை அனுப்பினார், தன் பங்கையும் இனி அவருக்கே அனுப்பிவிடுங்கள் என்று பதிப்பாளரிடம் சொன்னார். சொன்னதோடு நின்றார், போகிறதா என்று பார்க்கவில்லை. அதற்காகப் பின்னாளில் வருத்தப்பட்டும் பேசியிருக்கிறார். என் கணக்கில் இந்த வரிசையில் அவர் குற்றம்தான் சின்னது, ஆனால் குற்றம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த திருப்பம் 1961. புரூக்ளினிலிருந்து 'த டோக்கன்ஸ்' என்ற பையன்கள் குழு. முன்னணிப் பாடகர் ஜே சீகலுக்கு நியூயார்க்கின் கார்னகி ஹால் அரங்கில் வீவர்ஸ் பாடிய 'விமோவே' மேல் பைத்தியம், பீட் சீகருக்கும் இவருக்கும் பெயரைத் தவிர உறவு எதுவும் கிடையாது. தயாரிப்பாளர்கள் ஹ்யூகோ பெரெட்டி, லூயிஜி கிரியேட்டோர் இருவர் முன்னாலும் பாடிக் காட்டினார்கள். நல்லா இருக்கு, ஆனால் வார்த்தை வேண்டுமே என்று ஜார்ஜ் டேவிட் வைஸைக் கூப்பிட்டார்கள். வைஸ் செய்த வேலை உண்மையிலேயே கெட்டிக்காரத்தனம். லிண்டா கடைசியில் ஒரே தடவை பாடிவிட்டுப் போன அந்த 15 சுரம்தான் பாட்டின் உயிர் என்று கண்டுபிடித்து, அதை முன்னால் இழுத்து, முக்கிய மெட்டாக்கி, அதன் மேல் காடு, சிங்கம், உறக்கம் என்று எளிய வரிகளை உட்கார்த்தினார். அனிதா டேரியன் என்ற ஓபெரா பாடகி வார்த்தையில்லாமல் மேலே ஒரு ஓலம் கொடுத்தார். புல்வெளியில் திரிகிற சிங்கத்தை அடர்காட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்ததை மட்டும் மன்னித்துவிடலாம், பாட்டுக்கு விலங்கியல் எதற்கு.

டோக்கன்ஸ் பையன்களுக்கே இந்தப் பாட்டு வெட்கமாக இருந்ததாம், வெளியிட வேண்டாம் என்று கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். தட்டின் பின்பக்கப் பாட்டாகத்தான் முதலில் போனது. வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். 1961 டிசம்பரில் அமெரிக்காவில் முதலிடம், மூன்று வாரம்.

எழுதியவர்கள் பட்டியலில் பெரெட்டி, கிரியேட்டோர், வைஸ். இந்த மூவரும் அதே 1961இல் எல்விஸ் பிரெஸ்லிக்கு எழுதிய 'கான்ட் ஹெல்ப் ஃபாலிங் இன் லவ்' தெரியும் இல்லையா? அதன் மெட்டு 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்தது. எழுதியவர் செத்து நூறு வருடத்துக்கு மேல், யாரும் எதுவும் கேட்க முடியாது, சட்டப்படி சுத்தம். அதே கைகள், அதே வருடம், அதே பழக்கம், 'ம்பூபே'யிலும் அதையே செய்தன. பாரிஸ் பாட்டைக் கட்டியவர் கல்லறையில் இருந்தார், ஜோஹானஸ்பர்க் பாட்டைக் கட்டியவர் உயிரோடு இருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

உயிரோடு இருந்தார், ஆனால் நல்லபடி இல்லை. 1959இல் மேடையிலேயே மயங்கி விழுந்தார், சிறுநீரகக் கோளாறு. பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போய்ப் பத்து மாதம் கழித்து, 1962 அக்டோபர் 8 அன்று இறந்தார். வங்கியில் இருந்தது 25 டாலருக்கும் குறைவு. மனைவி ரெஜினாவால் கல்லறைக்கு ஒரு கல் வைக்க 18 வருடம் ஆனது. அவர்கள் பிள்ளைகளில் ஒன்று சத்துக் குறைவால் குழந்தையிலேயே போய்விட்டது.

பாட்டு மட்டும் நிற்கவே இல்லை. பிரிட்டனில் கார்ல் டென்வர் 1962இல் நாலாமிடம் வரை கொண்டுபோனார். ராபர்ட் ஜான் 1972இல் அமெரிக்காவில் மூன்றாமிடம், டைட் ஃபிட் 1982இல் பிரிட்டனில் முதலிடம். மிரியம் மகேபா 1960லேயே அசல் பெயரில், அசல் உச்சரிப்பில் பாடினார், என்னைக் கேட்டால் பின்னால் வந்தவற்றில் அதுதான் உருப்படி. அப்புறம் 1994இல் லயன் கிங் படத்தில் டிமோன், பும்பா என்ற இரண்டு விலங்குப் பாத்திரங்களும்.

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை. 1990ஐ ஒட்டிய வருடங்களில் வீவர்ஸின் பழைய பதிப்பாளர் தரப்புக்கும் வைஸ் தரப்புக்கும் நியூயார்க்கில் சண்டை வந்தது, பாட்டின் புதுப்பித்த உரிமை யாருக்கு என்று. அப்போது வைஸ் தரப்பு எடுத்த ஆயுதம் என்ன தெரியுமா? 'பால் கேம்ப்பெல் எழுதியது என்று சொன்னீர்களே, உண்மையில் இது லிண்டாவின் பாட்டு ஆயிற்றே' என்பது! முப்பது வருடமாக யாரும் உச்சரிக்காத பெயர், எதிராளியை அடிக்கக் கம்பு தேவைப்பட்டபோது ஞாபகத்துக்கு வந்தது. வைஸ் ஜெயித்தார். லிண்டா குடும்பத்துக்குச் சின்னதாக ஒரு பங்கு போக வேண்டும் என்பதோடு அது முடிந்தது.

2000இல் தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர் ரயன் மாலன், ரோலிங் ஸ்டோன் இதழில் இந்த முழுக் கதையையும் தோண்டி எழுதினார். லயன் கிங் மூலமாக மட்டும் பாட்டு ஒன்றரைக் கோடி டாலர் சம்பாதித்திருக்கும் என்று அவர் ஒரு மதிப்பீடு கொடுத்தார். ஜோஹானஸ்பர்க்கை ஒட்டிய சொவேட்டோவில் லிண்டாவின் மகள்கள் ஏழ்மையில்தான் இருந்தார்கள். ஊர் வாய் திறந்தது, ஆனால் சட்டத்தில் என்ன வழி? பத்து ஷில்லிங்குக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. பிற்பாடு ரெஜினாவிடமும் மகள்களிடமும்கூடக் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார்கள்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஓவன் டீன் என்ற தென்னாப்பிரிக்கக் காப்புரிமை வழக்கறிஞர் 1911ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஏகாதிபத்தியக் காப்புரிமைச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுக்கச் செல்லுபடியான சட்டம், தென்னாப்பிரிக்காவிலும் அமலில் இருந்தது. அதில் ஒரு ஷரத்து: படைப்பாளி தன் உரிமையை உயிரோடு இருக்கும்போது யாருக்கு விற்றிருந்தாலும், அவர் இறந்து 25 வருடம் ஆனதும் அது அவருடைய வாரிசுச் சொத்துக்குத் திரும்பிவிடும். எழுத்தாளர்கள் வறுமையில் அற்ப விலைக்கு விற்றுவிடுகிறார்கள், பிள்ளைகளாவது பிழைக்கட்டும் என்பதற்காக வைத்தது. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் பெயரைச் சொல்லி அந்த ஷரத்தைக் குறிப்பிடுவார்கள். லிண்டா இறந்தது 1962, ஆக 1987இல் பாட்டு சத்தமே இல்லாமல் வீடு திரும்பிவிட்டது, அந்தச் சாம்ராஜ்யத்து நாடுகள் வரைக்கும். குடும்பத்தார் போட்ட கையெழுத்துகளுக்கும் பதில் இருந்தது. உரிமை போய்ச் சேருவது சொத்தை நிர்வகிக்கும் எக்ஸிக்யூட்டரிடம், அப்படி ஒருவரை அதுவரை யாரும் நியமிக்கவே இல்லை, அப்படியென்றால் அதை எழுதிக் கொடுக்க யாருக்கு அதிகாரம் இருந்தது?

எக்ஸிக்யூட்டர் நியமிக்கப்பட்டார், 2004இல் டிஸ்னி மேல் வழக்கு, சுமார் 16 லட்சம் டாலர் கேட்டு. வெளிநாட்டுக் கம்பெனியை உள்ளூர் நீதிமன்றத்துக்கு இழுக்க வேண்டுமென்றால் அதற்கு அந்த நாட்டில் சொத்து இருக்க வேண்டும். டிஸ்னிக்கு அங்கே இருந்த சொத்து என்ன? பதிவு செய்த வணிகச் சின்னங்கள். மிக்கி மவுஸ், டொனால்ட் டக் உள்பட 200க்கும் மேற்பட்ட சின்னங்களை நீதிமன்றம் ஜப்தியில் வைத்தது. பத்து ஷில்லிங் பாட்டுக்காக மிக்கி மவுஸ் பிணை! டிஸ்னிக்கும் ஒரு நியாயம் இருந்ததைச் சொல்ல வேண்டும்: அவர்கள் வைஸ் தரப்பின் அபிலீன் மியூசிக் நிறுவனத்திடம் காசு கொடுத்து அனுமதி வாங்கித்தான் பாட்டைப் பயன்படுத்தினார்கள்.

விசாரணை தொடங்க வேண்டிய 2006 பிப்ரவரியில் சமரசம் ஆனது. 1987 முதலான ராயல்டியில் குடும்பத்துக்குப் பங்கு, இனி வருவதிலும் பங்கு, அதை நிர்வகிக்க ஒரு அறக்கட்டளை, பாட்டை எழுதியவர்கள் வரிசையில் சாலமன் லிண்டாவின் பெயர். டிக்கன்ஸ் ஷரத்து இந்தப் பாட்டுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்று எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதவில்லை. எழுதியிருக்கலாம் என்று ஆசைதான், இதே மாதிரிப் பழைய சாம்ராஜ்யத்து நாடுகளில் இன்னும் எத்தனை பாட்டுகள் வழி தெரியாமல் கிடக்கின்றனவோ.

தென்னாப்பிரிக்கச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 50 வருடம் வரைதான் காப்புரிமை, அதனால் 2012 முடிந்ததும் அங்கே 'ம்பூபே' பொதுச்சொத்து ஆனது. உண்மையிலேயே யாருக்கும் சொந்தமில்லாத பாட்டு என்று சொல்லக்கூடிய நிலை அப்போதுதான் வந்தது.

அசலைக் கேட்க ஆசை இருந்தால் 'சாலமன் லிண்டாஸ் ஒரிஜினல் ஈவினிங் பேர்ட்ஸ்' என்று தேடி 1939 பதிவைப் போடுங்கள். ஆரம்பத்தில் உங்களுக்குத் தெரிந்த பாட்டு மாதிரியே இருக்காது, அடிக்குரல் இடித்துக்கொண்டே இருக்கும், மேலே ஒருவர் கத்திக்கொண்டிருப்பார். பாதியில் நிறுத்திவிடாதீர்கள். அந்த மெட்டு வருவது கடைசியில், ஒரே ஒரு தடவை.